பத்து வரை எண்ணவும்

ஜனவரி 6

இந்த டைரி நகைக்கடைக்காரர் கொடுத்தது. வருஷா வருஷம் மேனேஜர்களுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். இந்த வருஷம் ஒன்று மிஞ்சிவிட்டது. வடக்கு வாசல் செக்யூரிட்டி நாச்சிமுத்துவுக்கு வந்து சேர்ந்தது. அட்டையில் தங்க எழுத்தில் 'வளமான 2025' என்று இருக்கிறது. அந்த வளத்தை நிரப்ப என்னிடம் இருப்பது காலை ஆறு மணி டூட்டி, பார்க்கிங் டோக்கன், ஒரு விசில்.

எங்கள் ஷாப்பிங் காம்ப்ளக்ஸ் நிற்கிற இடத்தில்தான் முன்னால் நீலவேணி மில் இருந்தது. என் நாற்காலி போட்டிருக்கிற இடம் பஞ்சு சீவுகிற கார்டிங் டிபார்ட்மென்ட். பதினாறு வருஷம் அங்கே பஞ்சைச் சுவாசித்தேன். இப்போது அதே இடத்தில் சென்ட் வாசனை சுவாசிக்கிறேன். இருமல் மட்டும் பழைய கம்பெனிக்கே விசுவாசமாக இருக்கிறது.

மகள் கோகிலா எம்.ஏ. இங்கிலீஷ் கடைசி செமஸ்டர். ஒரு பேப்பரின் பெயர் கேட்டேன். 'தற்காலப் பிரிட்டிஷ், ஐரிஷ் நாடகங்களும் அவற்றின் சமூகப் பின்னணியும்' என்றாள். நான் பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் முப்பத்தாறு மார்க். முப்பத்தைந்து எடுத்தால் பாஸ் என்பதால், ஒரு மார்க் எனக்கு உபரியாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 12

ஞாயிறு. டூட்டி இல்லை. தண்ணீர் டேங்க் கழுவினேன். பிறகு கோகிலா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே நாடகங்களைச் சொன்னாள்.

அயர்லாந்து நாடகத்தில் மழை, குடி, சாமியார், அண்ணன் தம்பி நிலத் தகராறு. "இதுக்கு அயர்லாந்து வரைக்கும் போவோணுமா கண்ணு, சூலூர் ரிஜிஸ்தர் ஆபீஸ்ல போயி ஒரு மணி நேரம் உக்காந்தாப் போதுமே" என்றேன்.

"அதத்தாம்ப்பா எஸ்தர் மேடமும் சொல்றாங்க. ஒவ்வொருத்தரும் ஒரு நாடகத்த எடுத்துட்டு, அதே மாதிரி நம்ம ஊர்ல நடந்தத தேடிப் பிடிக்கோணும். அதான் அசைன்மென்ட். பொறவு ஒரு காட்சிய தமிழ்ல பண்ணி மேடையில வாசிக்கோணும்."

அவளுக்கு விழுந்தது இங்கிலாந்து நாடகம். வடக்கே ஒரு நிலக்கரி ஊர். எண்பத்துநாலில் பெரிய ஸ்ட்ரைக். இருபது வருஷம் கழித்து ஒரு வீட்டுச் சமையலறையில் ஃபிராங்க் என்கிற கிழவனும் அவன் மகனும் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். அவ்வளவுதான் கதை.

"சண்டை?"

"இல்லீங்ப்பா."

"பாட்டு?"

"இல்ல. ஆனா அந்த ஃபிராங்க் ஸ்ட்ரைக்ல பாதியில வேலைக்குப் போன ஆளு. ஜன்னலுக்கெல்லாம் கம்பி வல அடிச்ச பஸ்ல ஏத்தி உள்ள கூட்டிட்டுப் போவாங்களாம். அது மகனுக்குத் தெரியாது."

மனைவி சுலோச்சனா அடுப்பைத் தணித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் வெண்டைக்காயைப் பார்த்தேன். முற்றல்.

ஜனவரி 15

மாட்டுப் பொங்கல். மாடு இல்லை. காம்ப்ளக்ஸுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து அந்தக் குறை தீர்ந்தது.

ஜனவரி 19

கோகிலா போனை டேபிளில் வைத்து என்னைப் பேட்டி எடுத்தாள். நீலவேணி மில் ஸ்ட்ரைக், 2003. அவள் தேடிப் பிடித்த 'நம்ம ஊர்' எங்கே இருக்கிறது என்றால், எங்கள் வீட்டு ஹாலில் பனியனோடு உட்கார்ந்திருக்கிறது.

நன்றாகத்தான் சொன்னேன். கேட்டுக்கு முன்னால் பந்தல் போட்டது, அண்டாவில் கஞ்சி காய்ச்சியது, சங்கு ஊதாத காலையில் ஊரே எழுந்திருக்காமல் தூங்கியது. கோஷம் ஒன்றைப் போட்டும் காட்டினேன். கீழ்வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று மேலே வந்துவிட்டார்.

"எத்தன நாளுங்ப்பா நடந்துச்சு?"

"நாப்பத்தேழு நாளு."

"அதுக்கப்பறம்?"

"அதுக்கப்பறம் என்ன, முடிஞ்சுபோச்சு."

சமையலறையில் பாத்திரம் ஒன்று விழுந்தது. சுலோச்சனா கையிலிருந்து இருபத்துமூன்று வருஷத்தில் பாத்திரம் விழுந்து நான் கண்டதில்லை.

"சங்கத்துக்கு செகரட்டரி யாரு?"

"வெள்ளிங்கிரினு ஒருத்தன். எலெக்ஷன்ல ஏழு ஓட்டுல ஜெயிச்சவன்." யாரை எதிர்த்து என்று அவள் கேட்கவில்லை. நானும் அதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. ஏழு ஓட்டு. அதில் ஒன்று என் சொந்த மச்சான் போட்டது.

ஜனவரி 23

"அப்பா, லைப்ரரில பழைய பேப்பர் பாத்தேன். ஸ்ட்ரைக் அறுபத்துமூணு நாளுனு போட்டிருக்குது."

"பேப்பர்காரங்களுக்கு எண்ணத் தெரியாது கண்ணு."

ஜனவரி 26

கொடியேற்றம். மேனேஜர் மிட்டாய் கொடுத்தார். ஆளுக்கு ஒன்று.

கோகிலாவுக்கு ஒரு வார்த்தை வேண்டுமாம். ஸ்ட்ரைக்கை உடைத்து உள்ளே போகிறவனை இங்கிலீஷ்காரன் புண்ணின் பொருக்கு என்று அர்த்தம் வருகிற சொல்லால் திட்டுவானாம். "நம்ம மில்லுல என்ன சொல்லுவாங்க?"

"மறந்துபோச்சு சாமி."

"கருங்காலி" என்றாள் சுலோச்சனா, துணி மடித்துக்கொண்டே. "உங்கப்பாவுக்கு ஞாபக மறதி. நீ எழுதிக்கோ."

கோகிலா எழுதிக்கொண்டாள். நல்ல கையெழுத்து. தூரத்திலிருந்தே படிக்க முடிகிறது.

பிப்ரவரி 1

வெள்ளிங்கிரியைப் பார்க்கப் போகிறாளாம். நம்பர் வாங்கிவிட்டாள்.

இந்த டைரியில் பொய் எழுதி யாரை ஏமாற்றப் போகிறேன், நகைக்கடைக்காரரையா. விஷயம் இதுதான். வெள்ளிங்கிரி வாயைத் திறந்தால் நான் எப்படி உள்ளே போனேன் என்பது என் மகளுக்குத் தெரிந்துவிடும். பஸ் இல்லை. பஞ்சு லாரி. தார்ப்பாய்க்கு அடியில், இரண்டு பஞ்சுப் பொதிக்கு நடுவில், பின் கேட் வழியாக. அப்படிப் போன முதல் ஆள் நான். ஒரு வாரத்தில் முப்பது பேர் வந்தார்கள். அறுபத்துமூன்றாம் நாள் சங்கம் கையெழுத்துப் போட்டது. எல்லாரையும் திரும்ப எடுத்தார்கள், வெள்ளிங்கிரியைத் தவிர. இப்போது மாவு மில் வைத்திருக்கிறான். அன்றிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் டீ குடிப்பது எங்கள் வீட்டு எதிர் பேக்கரியில். அதனால்தான் வீட்டுக்கு எதிரிலேயே பேக்கரி இருக்க, நான் அரை கிலோமீட்டர் நடந்து வேறு பேக்கரியில் டீ குடிக்கிறேன். வீட்டில் கேட்டால் சுகருக்கு நடை நல்லது என்பேன்.

அப்படிக் காப்பாற்றிய வேலை ஐந்தே வருஷம். 2008-இல் மில்லையே மூடிவிட்டார்கள். துரோகம் பண்ணுவதிலும் எனக்கு ராசி கிடையாது.

கோகிலா சின்ன வயதிலிருந்து ஸ்கூல் கட்டுரையில் எல்லாம் 'என் தந்தை போராடிய தொழிலாளி' என்று எழுதி வந்தவள். ஒன்பதாம் வகுப்பில் அதற்குப் பரிசாக ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கினாள். அதில்தான் தினமும் எனக்குச் சோறு போகிறது.

பிப்ரவரி 3

போய்விட்டு வந்தாள். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாவகாசமாகக் கை கால் கழுவினாள்.

"என்ன சொன்னாரு வெள்ளிங்கிரி?"

"நல்லாப் பேசுனாருங்ப்பா. டீ வாங்கிக் குடுத்தாரு. ராகி மாவு ரெண்டு கிலோ குடுத்து உட்டாரு."

"என்னையப் பத்தி?"

"கார்டிங்ல உங்கள மாதிரி மெஷின் ஓட்ட ஆள் கெடையாதுன்னாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ராகிக் களி சாப்பிட்டேன். பாதியிலேயே தட்டை நகர்த்திவிட்டேன். மாவில் குறை ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 5

இன்றைக்கு அவள் பழைய ஆல்பத்தை எடுத்து வைத்திருந்தாள். 2004 மே மாசம், அவள் காதுகுத்து. ஒன்பது மாசக் குழந்தை. மில் லைன் ஆட்களுக்கென்று நூற்றைம்பது இலை போட்டிருந்தேன். அந்தப் பந்தியில் ஒருத்தர்கூட உட்காரவில்லை. போட்டோக்காரன் முட்டாள், காலி இலை வரிசையை இரண்டு படம் எடுத்துவிட்டான். நன்றாக விழுந்திருக்கிறது.

"அன்னிக்குப் பயங்கர மழைனு சொல்லுவீங்களேப்பா."

"ஆமா, அடிச்சுக் கொட்டுச்சு. ஒருத்தரும் வர முடியல."

"தாய்மாமன் வெயிலுக்குக் கண்ணச் சுருக்கிட்டு நிக்கறாரு."

"கோயமுத்தூரு மழ அப்படித்தான்."

சமூகப் பின்னணி படிக்கிற பிள்ளைக்குப் போட்டோ காட்டக் கூடாது.

பிப்ரவரி 9

எஸ்தர் மேடம் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் லுங்கியில் இருந்தேன். வகுப்பில் பதினொரு பெண், இரண்டு பையன். ஃபிராங்க் கிழவன் வேஷத்துக்கு இருபது வயதுப் பையன் இருமினால் பூனை தும்முகிற மாதிரி இருக்கிறதாம். நிஜமான மில் தொழிலாளி வாசித்தால் பிரமாதமாக இருக்கும் என்றார்.

மறுக்கத்தான் நினைத்தேன். அதற்குள் அவர், "உங்க வாய்ஸ் அவ்வளவு கம்பீரம் சார்" என்றார். பன்னிரண்டு வருஷமாக இந்த வாய்ஸில் 'பார்க்கிங் ஃபுல்' மட்டும்தான் சொல்லிவருகிறேன். என்னை யாராவது பாராட்டினால் அந்த இடத்திலேயே கவிழ்ந்துவிடுவேன். இது தெரிந்துதான் மில்லில் ஒரு மேனேஜர் அந்தக் காலத்தில், "நாச்சிமுத்து, செகரட்டரியா இருக்க வேண்டிய ஆளு நீ" என்றார்.

ஒப்புக்கொண்டேன். மேடம் போனதும் சுலோச்சனா, "ஏனுங், ஊர்ல இத்தன வேஷம் இருக்குது, அதே வேஷமா கெடச்சுது உங்களுக்கு?" என்றாள்.

பிப்ரவரி 16

ஒத்திகை. காலேஜ் கிளாஸ் ரூம். மகனாக வாசிப்பவன் பிரவீன் என்கிற ஒல்லிப் பையன். முதல் பக்கத்தை நான் கணீரென்று வாசித்தேன்.

"டீ ஆறிப்போச்சு. மௌனம். சர்க்கரை வேணுமா. மௌனம்."

எல்லாரும் சிரித்தார்கள். நன்றாக நடிக்கிறேன் போலிருக்கிறது என்று நானும் சிரித்தேன். கோகிலா பக்கத்தில் வந்து, "அப்பா, மௌனம்னு போட்டிருந்தா அத வாசிக்கக் கூடாது. பேசாம இருக்கோணும்" என்றாள்.

ஒரே காட்சியில் இருபத்தாறு மௌனம். இதை எழுதுவதற்கு ஒரு ஆள், அச்சடிக்க ஒரு கம்பெனி, படிக்க எம்.ஏ. வாய் திறக்காமல் இருப்பதுதான் பெரிய நாடகம் என்றால் கோயமுத்தூரில் பாதி வீட்டுக்கு அவார்டு கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு முதல் பரிசு.

கடைசிப் பக்கத்தில் மகன் கேட்கிறான்: "எந்த நாள் பஸ் ஏறினீங்க? ஏன்?" அதற்குக் கீழே கோகிலா கையால் எழுதியிருக்கிறாள்: 'நீண்ட மௌனம். பத்து வரை எண்ணவும். விளக்கு அணைகிறது.'

நான் ஏழு எண்ணுவதற்குள் இருமிவிட்டேன்.

பிப்ரவரி 20

டூட்டி. ஒரு கார்க்காரர் டோக்கனை எடுக்காமல் போய்விட்டு என்னைத் திட்டினார்.

பிப்ரவரி 24

ஒரு வேளை தெரிந்துவிட்டால் சொல்வதற்கு ஒரு வாக்கியம் தயார் பண்ணி வைத்திருக்கிறேன். "நீ வயித்துல இருந்த கண்ணு. உனக்காகத்தான் போனேன்." நல்ல வாக்கியம். கேட்கிறவர்கள் கண் கலங்கும். ஷேவ் பண்ணும்போது கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பழகினேன். எனக்கே கலங்கியது.

பின்னால் சுலோச்சனா தண்ணீர்க் குடத்தோடு நிற்கிறாள்.

"அப்ப எனக்கு நாலாம் மாசம். என்ற அப்பா ஊட்ல ரெண்டு மூட்ட அரிசி கொண்டாந்து எறக்குனாங். போவாதீங் போவாதீங்னு கால்ல உழாத கொறயாச் சொன்னேன். உங்களுக்கு அந்த ஏழு ஓட்டு. பொறக்காத புள்ள மேல பழியப் போடாதீங்."

கன்னத்தில் வெட்டிக்கொண்டேன். பிளேடு பழசு.

மார்ச் 2

கோகிலா அழைப்பிதழ் கொடுத்து வரக் கிளம்பினாள். யார் யாருக்கு என்று கேட்டேன். பிரின்சிபால், மற்ற டிபார்ட்மென்ட், வெள்ளிங்கிரி மாமா.

மாமாவாகிவிட்டான்.

"அவரு எதுக்கு?"

"பேட்டி குடுத்தவரக் கூப்புடாம இருந்தா மரியாதையா இருக்காதுங்ப்பா."

"நான் வருவேன்னு தெரியுமா அவனுக்கு?"

"நீங்கதான் ஃபிராங்குனு போன்லயே சொன்னேன். ரெண்டு நிமிஷம் சிரிச்சாரு."

மார்ச் 6

தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லி நின்றுவிடலாமா என்று பார்த்தேன். சுலோச்சனா மிளகு ரசம் வைத்துக் குணப்படுத்திவிட்டாள்.

மார்ச் 7

டூட்டியை மாற்றிக்கொண்டு போனேன். வந்தவர்களுக்குக் கொடுக்க என் பொறுப்பில் அறுபது வெஜ் பப்ஸ். வீட்டுக்கு எதிர் பேக்கரியிலிருந்துதான், இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாக.

சின்ன ஹால். மேடையில் மேஜை, இரண்டு நாற்காலி, இரண்டு டம்ளர். டீ நிஜமானது. மூன்றாவது வரிசை ஓரத்தில் வெள்ளிங்கிரி. முடி முழுதும் வெளுத்துவிட்டது. மாவோ என்று பார்த்தேன், முடிதான். அவன் பக்கத்தில் சுலோச்சனா போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் எந்தக் கட்சி என்பது எனக்கு எப்போதும் தெரியும்.

முதலில் கோகிலா பேசினாள். இங்கிலாந்து ஸ்ட்ரைக், கோயமுத்தூர் மில்கள், மூடிய பிறகு அந்த இடங்களில் வந்த கடைகள். யார் பெயரையும் சொல்லவில்லை. பிறகு நாங்கள் வாசித்தோம். நன்றாகப் போனது. இருபத்தைந்து மௌனத்திலும் நான் ஒழுங்காக மௌனமாக இருந்தேன். மூன்று இடத்தில் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய இடம்தான்.

பிரவீன் கேட்டான்: "எந்த நாள் பஸ் ஏறினீங்க? ஏன்?"

எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு. ஹாலில் ஃபேன் சத்தம் மட்டும். மூன்று, நான்கு. மேடைக்கு ஓரத்தில் கோகிலா பேப்பரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு. ஏழு என்று வந்ததும் எனக்கு அந்த எண்ணைத் தாண்ட முடியவில்லை.

"நாப்பத்தேழாம் நாளு" என்றேன். "பஸ் இல்ல. பஞ்சு லாரி."

பிரவீன் பேப்பரைப் புரட்டினான். பாவம், அவன் பக்கத்தில் இது இல்லை.

"புள்ளைக்காகப் போனேன்னு சொல்லிக்குவேன். பொய். ஊட்ல அரிசி இருந்துச்சு. ஏழு ஓட்டுல என்னையத் தோக்கடிச்சவன் ஸ்ட்ரைக்ல ஜெயிச்சறக் கூடாதுன்னு போனேன். அவ்வளவுதான்."

விளக்கு அணையவில்லை. ஸ்விட்ச்சுக்குப் பொறுப்பான பெண் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் டீயைக் குடித்தேன். நிஜமாகவே ஆறியிருந்தது. அப்புறம் யாரோ கை தட்டினார்கள், எல்லாரும் தட்டினார்கள். நடிப்பு என்று நினைத்துவிட்டார்கள். பிரின்சிபால் கை கொடுத்து, "ரொம்ப இயல்பு சார்" என்றார்.

வராந்தாவில் பப்ஸ் தட்டோடு நின்றேன். வெள்ளிங்கிரி வந்தான். தட்டைப் பார்த்தான். என் வீட்டுப் பண்டத்தை அவன் தொட்டதில்லை. காதுகுத்தில் காலியாகக் கிடந்த நூற்றைம்பது இலையில் முதல் இலை அவனுக்கென்று போட்டது.

ஒன்றை எடுத்தான். பாதியாகப் பிட்டு உள்ளே பார்த்தான். தின்றான்.

"நாப்பத்தெட்டு" என்றான்.

"என்னது?"

"நாப்பத்தெட்டாம் நாளு நீ போனது. நாப்பத்தேழாம் நாளு பொழுதோட எங்கூட கேட்ல உக்காந்து கஞ்சி குடிச்ச. ஊறுகாய் கேட்ட. நாந்தான் எந்திரிச்சுப் போயி வாங்கியாந்து குடுத்தேன்."

மீதிப் பாதியைப் பேப்பரோடு சுவர் மேல் வைத்தான். "வெங்காயம் வேகல" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனான்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு அரைப் பப்ஸ். குறைவு என்று சொல்ல மாட்டேன்.

சுலோச்சனா முன்னமே கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் வரும்போது கோகிலா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். "அப்பா, பசிக்குதுங்ப்பா" என்றாள். சிங்காநல்லூரில் இறங்கி இரண்டு புரோட்டா வாங்கிக் கொடுத்தேன். ஒன்றை எனக்குத் தள்ளினாள்.

மார்ச் 8

டிபன் பாக்ஸ் வழக்கம்போல வந்தது. எலுமிச்சை சாதம். அவள் கட்டியதா, சுலோச்சனா கட்டியதா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. மூடி இறுக்கமாகப் போட்டிருந்தது. கோகிலாதான் அப்படிப் போடுவாள்.

மார்ச் 18

மார்க் வந்துவிட்டது. அசைன்மென்டுக்கு நாற்பதுக்கு முப்பத்தேழு. மேடை வாசிப்புக்குப் பத்துக்கு ஏழு. 'பிரதியை மீறியது' என்று மூன்று குறைத்திருக்கிறார் எஸ்தர் மேடம். அந்த ஏழு என்னை விடாது.

அசைன்மென்ட் டேபிளில் கிடந்தது. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஒன்பதாம் பக்கத்தில் தேதியோடு இருந்தது: நாற்பத்தெட்டாவது நாள், பஞ்சு லாரி, பின் கேட். அடிக்குறிப்பில், 'தகவல்: சங்கத்தின் முன்னாள் செயலாளர். போனவர் பெயரைச் சொல்லவில்லை. ஆய்வாளர் கேட்கவும் இல்லை.' முதல் பக்கத்தில் ஒப்படைத்த தேதி பிப்ரவரி 10. நான் முதல் ஒத்திகைக்குப் போவதற்கு ஆறு நாள் முன்னால்.

அதாவது தெரிந்துகொண்டேதான் அத்தனை நாளும் எனக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

மார்ச் 23

ஞாயிறு. கோகிலா தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். அந்த இங்கிலீஷ் நாடகப் புத்தகத்தை எடுத்தேன். என் முப்பத்தாறு மார்க்கையும் அவளுடைய டிக்ஷனரியையும் வைத்துக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் படிக்க மத்தியானம் முழுதும் ஆயிற்று.

மகன் கேட்கிறான்: எந்த நாள், ஏன். அங்கே மௌனம் என்றே போடவில்லை. பத்து எண்ணச் சொல்லவும் இல்லை. ஃபிராங்க் உடனே பதில் சொல்கிறான். எனக்கே புரிகிற இங்கிலீஷ், மூன்றே வார்த்தை. தமிழில் சொன்னால்: 'உனக்காகத்தான் மகனே.' மகன் அழுகிறான், கட்டிக்கொள்கிறான், விளக்கு அணைகிறது. அவ்வளவு அழகான முடிவு.

அந்த வரியைக் கோகிலா பென்சிலால் ஒரே கோடாக அடித்திருக்கிறாள்.

புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு எதிர் பேக்கரிக்கு டீ குடிக்கப் போனேன். சுகருக்கு நடை என்று இன்றைக்குச் சொல்லவில்லை. சுலோச்சனாவும் கேட்கவில்லை.